மூன்று காந்தம் வைத்த பிக்காஸ்

2022 ஆகஸ்ட் 17, புதன்கிழமை. காலையில் ஷட்டரைத் தூக்கி ஏசியைப் போட்டேன். கண்ணாடியின் வெளிப்பக்கம் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தேன். ஆகஸ்டில் ஷார்ஜாவில் தினமும் முதல் வேலை அதுதான். டிடெக்டர்களின் பாட்டரிகளைச் சார்ஜில் போட்டேன். வலது சுவரில் மண் கொத்தும் பிக்காஸ்களை உயரவாரியாக மாட்டினேன்: குட்டையானவை வாசல் பக்கம், நெட்டையானவை உள்ளே. இந்த வரிசை என்னுடைய ஏற்பாடு. யாராவது ஒன்றை மாற்றி மாட்டினால் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். தங்கம் தேடும் மெஷின் விற்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் போனில் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: வாடிக்கையாளருக்கு எந்த பிக்காஸைக் கொடுப்பது? அதற்குப் பதில் சொல்ல எனக்கு அந்தப் புதன்கிழமையை விட்டால் வேறு வழியில்லை.

வருகிறவர்கள் மெஷினுக்கு இரண்டு மணி நேரம் செலவழிப்பார்கள். மெஷினின் அடியிலுள்ள வட்டக் காயிலைத் தட்டிப் பார்ப்பார்கள், ஹெட்போனை மாட்டிப் பார்ப்பார்கள், சூடானில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுவார்கள். பிக்காஸ் என்றதும், 'ஏதாவது ஒன்று கொடு, யல்லா' என்பார்கள். நான் அப்படிக் கொடுத்ததில்லை. மெஷின் சத்தம் மட்டும்தான் போடும். பொழுது விடிந்து அடையும்வரை கையில் கிடந்து உடம்பை வாங்குவது பிக்காஸ். கனமானது நல்லது என்று நினைத்து வாங்கிப் போகிறவர் மதியத்துக்குள் அதை வண்டியில் போட்டுவிட்டு வெறும் கையால் மண்ணைக் கிளறுவார்.

அதனால் நான் கேள்விகள் கேட்பேன். கல் பூமியா, மணலா, காய்ந்த களிமண்ணா? வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? பழைய ஆணி, தகரம், கம்பித் துண்டு கிடக்கும் இடமா? கிடக்கும் என்றால் காந்தம் வைத்த பிக்காஸ். தலைப்பகுதியில் மூன்று வலுவான காந்தம் பதித்திருக்கும். கிளறிய மண்ணில் ஒருமுறை ஓட்டினால் இரும்புக் குப்பையெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகும் மெஷின் கத்தினால் அங்கே இரும்பு அல்லாத ஏதோ இருக்கிறது.

கடைசியாகக் கைப்பிடியின் நீளம். அதற்கு நான் ஒரு அளவு வைத்திருந்தேன். பிக்காஸின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியோடு சேர்த்துக் கையை நீட்ட வேண்டும். கைப்பிடியின் நுனி விரல்கள் தொடங்கும் இடத்தில் நின்றால் அது அவருக்கான பிக்காஸ். யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே கண்டுபிடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கடையில் நாங்கள் மூன்று பேர். மெஷின்களை விளக்கிச் சொல்வது பெஷாவர்க்காரர் கான் பாய். எல்லோரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தவர். பில்லில்கூட ஒருமுறை 'மிஸ்டர் அண்ணாச்சி' என்று எழுதியிருக்கிறார். கல்லாவில் செல்வராஜ், தஞ்சாவூர் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், கணக்கில் சுத்தம். ஆனால் கல்லாவை விட்டு எழுந்து ஒரு பிக்காஸை எடுத்துக் கொடுக்க மாட்டார். பிக்காஸ் சுவரை ஒட்டிய நடைபாதையில்கூட வர மாட்டார். இடது பக்கம் டிடெக்டர் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து அந்த வழியாகத்தான் கல்லாவுக்குப் போவார்.

"ராஜா சாப் தனி ரோடு போட்டு வச்சிருக்கார்," என்பார் கான் பாய் இந்தியில். "டோல் கேட் வச்சா நமக்கும் ஏதாவது தேறும்."

ஆயுத பூஜையன்று பூ வாங்குவது, பொரி கலப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது எல்லாம் செல்வராஜ்தான். பிக்காஸ் வரிசைக்குப் பொட்டு வைக்கும் நேரம் வந்ததும் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிடுவார்.

"நீங்க வச்சிடுங்க அண்ணாச்சி. எனக்கு முதுகு பிடிச்சிருக்கு."

"வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குன்னே பிடிக்குதாய்யா உமக்கு முதுகு?"

சிரித்துக்கொண்டே போய்விடுவார். சோம்பேறி என்று நானும் விட்டுவிடுவேன்.

அந்தப் புதன்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். சூடான்காரர், வெள்ளை ஜலாபியா அங்கி, தலையில் துண்டு. சவூதியின் தம்மாமில் பல வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். ஊருக்கே திரும்பிப் போவதற்கு முன் ஷார்ஜாவில் இருக்கும் மருமகன் வீட்டில் தங்கியிருந்தார். ஊரில் தம்பிமார் இரண்டு பேர் மலையடிவாரத்தில் தங்கம் தேடுகிறார்களாம். இவரும் போய்ச் சேர்ந்துகொள்ளப் போகிறார். கான் பாய் மெஷினைக் காட்டி முடித்து அவரை என்னிடம் அனுப்பினார்.

"ஹாஜி, பூமி எப்படி?" என்று அரபியில் கேட்டேன்.

"கல். மேலே கல், கீழே கல். நடுவில் என் தம்பிகள்," என்றார். "அவர்களும் கல்தான்."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆணி, கம்பி நிறையக் கிடக்கும் என்றார். காந்தம் வைத்ததில் நடுத்தரமான ஒன்றை எடுத்துக் கொடுத்து என் அளவைச் சொன்னேன். அவர் இடது கைப் பழக்கக்காரர். தலையை இடது அக்குளில் இடுக்கிக் கையை நீட்டினார். நான் குனிந்து நுனியைப் பார்த்தேன். விரலைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்தது.

"அசையாதீங்க ஹாஜி," என்றேன். "இன்னும் உள்ளே தள்ளி இடுக்குங்க."

நிமிர்ந்தபோது அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. உதடு எதையோ சொல்ல முயன்றது. கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பிக்காஸை வாங்கி, பழக்கதோஷத்தில், அதற்கு உரிய ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். கான் பாய் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். வெளியே கொதிக்கிற வெயில், பெரியவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்திருக்கிறார், காலையில் டீ மட்டும் குடித்திருக்கிறார். எங்களுக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. சற்று நேரத்தில் அவரே தெளிந்து எழுந்தார்.

"கலாஸ், ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் குதிரை ஓடியது, நின்றுவிட்டது," என்று சிரித்தார். "எடு அந்த பிக்காஸை. இல்லை, அடுத்த சின்னதை."

எடுத்துக் கொடுத்தேன். அதிலும் மூன்று காந்தம்.

இந்த முறை அவர் இடுக்கிய உடனே கண் சொருகியது. கான் பாய் பின்னாலிருந்து தாங்கி மெல்லத் தரையில் கிடத்தினார். விழும்போது பிக்காஸைக் குழந்தையைப் போல மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். கிடத்திய பிறகும் அது அவர் மார்பின்மேல்தான் கிடந்தது. அதன் கூர்முனை வெளிப்பக்கம் பார்த்திருந்தது, யார் மேலும் படவில்லை. அதை நான் கவனித்தேன், கவனித்து நிம்மதியும் அடைந்தேன். அதுதான் அப்போது என் புத்திக்கு எட்டியது. பிறகு மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கான் பாய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டே முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"பிக்காஸ எடுங்க!" என்று கல்லாவிலிருந்து ஒரு கத்தல். செல்வராஜின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இருய்யா, நாடி பார்க்கேன்..."

"அண்ணாச்சி! அத மொதல்ல எடுங்க! நெஞ்சு மேல இருக்கறத எடுங்க!"

எனக்குப் புரியவில்லை. புரியாத நேரத்தில் மனிதன் கையில் இருக்கிற வேலையையே செய்துகொண்டிருப்பான். நான் நாடியை விடவில்லை. செல்வராஜ் கல்லாவைச் சுற்றி ஓடிவந்தார். சந்து வழியாக அல்ல, நேராக நடைபாதையில். பெரியவரின் கால்மாட்டில் சட்டென்று நின்றார். குனியவில்லை, கையை நீட்டவில்லை. பெரியவரின் இடுப்பைத் தாண்டிக் கிடந்த கைப்பிடியின் நுனியில் ஷூவை மாட்டித் தன் பக்கம் இழுத்து, பக்கவாட்டில் ஓர் உதை விட்டார். பிக்காஸ் டைல்ஸ் தரையில் உரசிக்கொண்டே போய் அலமாரியின் அடியில் மோதிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நான் அதிர்ந்துபோனேன். பெரியவர் விழுந்ததற்கு அதிர்ந்ததைவிட அந்த உதைக்கு அதிர்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளைக் காலால் உதைத்தது யார்? வருடா வருடம் பூ வாங்கிவரும் செல்வராஜ்.

"ஹாஜிகிட்ட கேளுங்க," என்றார் மூச்சு வாங்க. இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தார். "நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்காங்களான்னு கேளுங்க."

நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து நாலைந்து முறை ஆழமாக மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'இங்கே மெஷின் ஏதாவது?' என்று கேட்டதும் ஜலாபியாவின் கழுத்தை விலக்கினார். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது.

"தோபா, தோபா," என்று கான் பாய் இரண்டு கன்னத்தையும் தொட்டுக்கொண்டார்.

இதயத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்த வைத்த கருவி அது. வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் உடம்பின் தேவையைப் பார்க்காமல் தன் போக்கில் ஒரே வேகத்தில் துடிப்பு அனுப்பத் தொடங்கிவிடும். காந்தத்தை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எத்தனையோ பேரை என் அளவுப்படி அளந்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் வலது கைக்காரர்கள், வலது அக்குள். இந்த மனிதரின் இடது கைப் பழக்கம் என் காந்தங்களை நேரே அவர் கருவியின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. போதாததற்கு இன்னும் உள்ளே தள்ளி இடுக்கச் சொன்னவன் நான்.

"ஏன் ஹாஜி சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நீ கேட்கவில்லையே. கல்லைக் கேட்டாய், மண்ணைக் கேட்டாய், எவ்வளவு நடப்பேன் என்று கேட்டாய். என்னைக் கேட்கவில்லை."

ஆம்புலன்ஸ் வந்தது. கான் பாய் கூடவே போனார். கருவிக்குச் சேதமில்லை, இரவு மட்டும் வைத்திருந்து பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னதாகப் பொழுது சாயும் நேரத்தில் கான் பாயிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பெரியவரின் குரல் கேட்டது.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"காந்தம் இல்லாத பிக்காஸ் இருக்கான்னு கேட்கச் சொல்றார், அண்ணாச்சி. தம்பிங்ககிட்ட வெறும் கையோட போனா மானம் போயிடுமாம்."

"இருக்குன்னு சொல்லுங்க. மெஷினும் நெஞ்சுக் கருவிக்கு ஆகுமோ என்னவோ, அதை மட்டும் டாக்டர் சரின்னு எழுதிக் கொடுத்தாத்தான் தருவேன்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் தம்பிமார் பிடிக்கட்டும், இவர் தோண்டட்டும்."

நான் சொன்னதை கான் பாய் அரபியில் சொல்வதும் பெரியவர் உரக்கச் சிரிப்பதும் கேட்டது. போனை வைத்தேன். செல்வராஜ் பின்னால் டீ போடும் சின்ன பேன்ட்ரியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். கதவருகே போய் நின்றேன்.

"உமக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"எங்கயோ படிச்சேன்."

"எதுக்கு உதைச்சீரு? குனிஞ்சு எடுத்திருக்கலாமே?"

அவர் டீயை வடிகட்டி ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினார். பிறகு சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றிக் காட்டினார். அதே இடம், அதே தீப்பெட்டிப் புடைப்பு. மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"மூணு வருஷம் ஆச்சு, அண்ணாச்சி. லீவ்ல போனப்ப திருச்சில வச்சது. மஞ்சள் காமாலைன்னு சொல்லி லீவ நீட்டினேனே, அப்போ."

பட்டன்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"குடோன்ல இருந்த மலையாளி பாய் பைபாஸ் பண்ணிட்டு வந்தார், ஞாபகம் இருக்கா? வந்த வாரமே ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டாங்க. கம்பெனி மேனேஜர் என்ன சொன்னார்? 'இது ஆஸ்பத்திரி இல்ல, கடை'ன்னு. என் பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா."

"உங்ககிட்டயா?" என்று சிரித்தார். "நீங்க அதையும் உங்க டைரியில தேதி போட்டு எழுதி வச்சிருப்பீங்க."

அப்போதுதான் எனக்கு ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. சரக்கு வந்து இறங்கிய நேரம், இடம் போதவில்லை. உதிரிக் காந்தங்கள் நிறைந்த பெட்டியைக் கல்லாவுக்கு அடியில், செல்வராஜ் கால் நீட்டும் இடத்தில் நான்தான் வைத்தேன். மறுநாள் பெட்டி வாசலருகே கிடந்தது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் வாசலுக்கு வந்தது. அதில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மூன்றாம் முறை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவரைத் திட்டினேன்: "ஒரு பெட்டிய தூக்கத் துப்பில்லாம கயிறு கட்டி இழுக்கிற ஆளு, என் ஒழுங்க ஏன்யா கெடுக்கிற?" அவர் பில் புத்தகத்தைத் திறந்தார்; பெட்டி மறுபடி அவர் காலடிக்கே போயிற்று. கீழே விழுந்த பேனாவை எடுக்க, செருப்பைச் சரிசெய்ய ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெட்டியின் மேல் அவர் குனிந்திருப்பார்? கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடுவீங்களா அண்ணாச்சி?"

நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தான பொருள் இருக்கிற இடத்தில் ஆபத்துள்ள ஒருவர் வேலை செய்கிறார். விதிப்படி பார்த்தால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மாதக் கடைசியில் அவர் விமானத்தில் இருப்பார். நின்றபடியே யோசித்தேன். ஆபத்து செல்வராஜ் அல்ல, காந்தம். செல்வராஜை நகர்த்த மேனேஜரின் உத்தரவு வேண்டும். காந்தத்தை நகர்த்த ஒரு ஸ்டூல் போதும்.

"மாட்டேன்," என்றேன். "ஆனா நாளைக்கே திருச்சி டாக்டருக்குப் போன் போட்டு, இங்க என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லிக் கேளும். அவர் இந்த வேலை ஆகாதுன்னா, அப்புறம் நீர் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்."

"சரி."

"அந்த ஜூன் மாசம்..." என்று தொடங்கினேன்.

"டீ ஆறுது, குடிங்க," என்றார்.

செல்வராஜ் இப்போது ஊரில் நலமாக இருக்கிறார். டாக்டர் சொன்ன தூரத்தைக் கடைப்பிடித்து, மகள் படிப்பை முடிக்கும்வரை அதே கல்லாவில் இருந்துவிட்டுத்தான் போனார். 'எழுதுங்க அண்ணாச்சி, தேதியோட எழுதுங்க' என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எந்த பிக்காஸைக் கொடுப்பது என்று கேட்டீர்கள். பூமியைக் கேளுங்கள், தூரத்தைக் கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், காந்தத்தில் கை வைப்பதற்கு முன்னால், உடம்பில் கருவி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இளைஞரிடமும் கேளுங்கள், முதியவரிடமும் கேளுங்கள், பெயர் கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கேளுங்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்றால் யாருக்கும் அதை மறைக்கத் தோன்றாது. பிக்காஸைத் தரையில் ஊன்றி நீளத்தை அளவெடுங்கள். அக்குள் வேண்டாம்.

மறுநாள் வியாழக்கிழமை. வழக்கத்தைவிட முன்னதாகப் போய் ஷட்டரைத் தூக்கினேன். ஏசியைப் போடவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு, காந்தம் வைத்த பிக்காஸ்களை ஒவ்வொன்றாக இறக்கி, கல்லாவுக்கு எட்டாத தூரத்தில் வாசலுக்கு எதிர்மூலையில் கொண்டுபோய் மாட்டினேன். உதிரிக் காந்தங்களின் பெட்டியையும் அங்கேயே வைத்தேன். வலது சுவரில் அங்கங்கே வெறும் ஆணிகள் நின்றன. உயர வரிசை குலைந்துவிட்டது. குலைந்தபடியே விட்டேன். மீதியிருந்ததில் நடுத்தரமான ஒன்றை எடுத்து, 'ஹாஜிக்கு' என்று காகிதம் ஒட்டித் தனியாக வைத்தேன்.

செல்வராஜ் உள்ளே வந்தார். பழக்கத்தில் இடது பக்கம் திரும்பி, சந்தில் நுழைய வயிற்றை எக்கினார். அப்படியே நின்று சுவரைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கடைய மாத்திட்டீங்க?"

"அங்க வெளிச்சம் பத்தலை."

எதிர்மூலையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு எக்கிய மூச்சை விட்டுவிட்டு, நடைபாதையின் நடுவே, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார்.